அரைத் திருகு

“இந்தக் கடையில எதை வேணும்னாலும் தொடு. ஸ்பேனர், செயின், கல்லாப்பெட்டி... எல்லாம் உன்னோடதுதான். அந்த மூலையில மூடி வச்சிருக்கே ஒரு வண்டி, அதை மட்டும் தொடாதே.”

“கல்லாப்பெட்டியையே தொடலாமாம், வண்டியத் தொடக் கூடாதாம். ஏன், கடிக்குமா?”

“சூடாகும்.”

“சூடாகாத வண்டி எது?”

“இது நின்ன இடத்துலயே சூடாகும்.”

என் தோழியின் அக்காவும் அவள் கணவரும், கல்யாணமான நாலாம் நாள் பேசிக்கொண்டது இது. அக்கா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

கரண்ட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்கள். அண்ணி, நடுவில் கேலி செய்தால் நிறுத்திவிடுவேன், பிறகு கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன்.

இரவு ஒன்பது நாற்பது. ஊருக்கு வெளியே, ரயில்பாதையைக் குறுக்கே கடக்கும் ஒரு சாலை. இரண்டு பக்கமும் வீடு கிடையாது. புதர், தந்திக் கம்பம், மறுபடி புதர். தண்டவாளத்துக்குக் கேட் கிடையாது, காவல் கிடையாது. ‘நின்று பார்த்துச் செல்லவும்’ என்று ஒரு பலகை. அதிலும் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது.

அந்த இடத்தில், அந்த நேரத்தில், அக்கா அந்த வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். தொடாதே என்று சொன்ன வண்டி.

எப்படி அங்கே வந்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் கணவர் பைக் மெக்கானிக். ஊரில் அவரைக் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். மீட்டர் வைத்துப் பார்க்க மாட்டார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். கேட்டே வியாதியைச் சொல்லிவிடுவார். தெருமுனையில் வரும்போதே யார் வண்டி, எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லுவாராம். பின்சக்கரத்து ஸ்பிரிங் சத்தம் போதுமாம் அவருக்கு.

முன்னால் கடை, பின்னால் வீடு. நடுவில் இரண்டு படி. வீட்டுக்குள் போகிறவர்கள் அந்தப் படியில்தான் செருப்பைக் கழற்ற வேண்டும். கடையின் ஆயில் கறை வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி எட்டு வருஷத்துக்கு முன்னால் விபத்தில் போய்விட்டாள் என்று தரகர் சொன்னார். அதற்குமேல் அக்காவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நல்ல மனுஷர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். அக்கா லேபில் வேலை முடிந்து களைத்து வந்தால் தோசைக்கல்லுக்கு முன்னால் அவர்தான் நிற்பார். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர.

தினமும் காலை ஆறு மணிக்கு, பல்கூடத் துலக்காமல், அவர் அந்த மூலைக்குப் போவார். உறையை விலக்குவார். நிற்கும் மின்விசிறியை இழுத்து வந்து எஞ்சினுக்கு நேராக வைப்பார். வண்டியை உதைத்துக் கிளப்புவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து, எஞ்சின் பக்கவாட்டில் ஒரு திருகாணியை அரைத் திருகு பின்னால் திருப்புவார். அணைத்துவிட்டு, உறையைப் போர்த்திவிட்டு வந்துவிடுவார்.

தினமும். ஞாயிற்றுக்கிழமையும்.

“அது என்ன ஸ்குரூ?” என்று அக்கா ஒரு நாள் கேட்டாள்.

“ஐடில் ஸ்குரூ. நீ ஆக்ஸிலேட்டரத் திருகாம கைய விட்டாலும் வண்டி அணையாம துடிச்சுக்கிட்டே நிக்குதில்ல, அந்தத் துடிப்புதான் ஐடில். உள்ள திருகினா துடிப்பு ஏறும். வெளிய திருகினா இறங்கும்.”

“ஏத்தி வச்சா நல்லதுதானே? அணையாது.”

“சூடாகும். ஓடற வண்டிக்கு எதிர்க்காத்து அடிக்குது, எஞ்சின் ஆறும். நிக்கற வண்டிக்குக் காத்து ஏது? ஏத்தி வச்சு நிறுத்தினா சூடு அப்படியே காலைப் பொசுக்கிடும். அதான் கடையில ஃபேன் வச்சுப் பார்க்கறது.”

“சரி, தினமும் எதுக்கு இறக்கறீங்க?”

“தானா ஏறிடுது.”

“தானாவா?”

“அதிர்வுல.”

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் சமையலறைக்குப் போய்க் குக்கரை மூடும்போது கை நின்றுவிட்டது. அந்த வண்டி ஓடுவதே இல்லையே... ஓடாத வண்டிக்கு அதிர்வு எங்கிருந்து வரும்?

பிறகு ஒரு நாள், காலை ஐந்தரை. கடையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்று அணைக்கப் போனாள். அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மூலையில் உறை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. சரிசெய்யலாம் என்று குனிந்து எஞ்சின் மேல் கை வைத்தாள்.

சுரீர்.

ராத்திரி முழுக்க ஓடி வந்த வண்டி மாதிரிக் கொதித்தது. பக்கத்தில் போனால்... டிக்... டிக்... டிக்... சூடான இரும்பு ஆறும்போது வருமே, அந்தச் சத்தம்.

“பேய்க்கு லைசென்ஸ் இருக்கா?”

அண்ணி, அப்போதே சொன்னேன் இல்லையா? சரி, சிரித்து முடியுங்கள்.

அக்கா போட்ட சத்தத்தில் அவர் எழுந்து வந்தார். அவள் விரலைப் பார்த்தார். கடை டிராயரைத் திறந்து ஒரு மஞ்சள் களிம்பை எடுத்தார். தீக்காயத்துக்குப் போடுவது. பழைய டியூப், அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி வைத்தது. அந்தக் களிம்புக்கு ஒரு கசப்பு வாசனை உண்டு, மருந்தும் எண்ணெயும் கலந்த மாதிரி. விரலில் மெதுவாகத் தடவினார்.

‘வண்டி எப்படிச் சூடாக இருந்தது?’ என்று அவர் கேட்கவே இல்லை. அக்கா அதைத்தான் கவனித்தாள்.

டிராயரில், டியூப் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. அவர் குளிக்கப் போனதும் அக்கா பிரித்துப் பார்த்தாள். பெண்கள் போடும் செருப்பு. நீல வார். ஒன்றுதான் இருந்தது.

அக்கா அதை அப்படியே சுற்றி வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. தினமும் விடிந்ததும் இந்த மனுஷர் முதலில் போய் நிற்பது அந்த மூலையில். அப்படியென்றால் இந்த வீட்டில் என் இடம் எது?

கல்யாணமாகி எட்டு மாதம். அந்தக் கேள்வியை அவள் வாயைத் திறந்து கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமை அவர் உதிரிபாகம் வாங்க வெளியூர் போயிருந்தார். மறுநாள் மதியம்தான் வருவதாக இருந்தது. அக்காவுக்கு லேபில் மதிய ஷிப்ட், இரண்டிலிருந்து ஒன்பது. லேப் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கிளம்புகிற நேரத்தில் அவளுடைய ஸ்கூட்டர் பெல்ட் அறுந்துவிட்டது. கடையில் ஏழெட்டு வண்டி நின்றன. எல்லாம் வாடிக்கையாளர் வண்டி. ‘அடுத்தவங்க வண்டிய நம்ம வேலைக்கு எடுத்தா அன்னைக்கே கடைய மூடிடணும்’ என்பது அவருடைய இன்னொரு சட்டம்.

மிச்சமிருந்தது மூலையில் இருந்த ஒன்று.

அக்காவுக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியும். அவள் அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். இருந்தாலும் ஐந்து நிமிஷம் யோசித்தாள். பிறகு, ‘வண்டிதானே’ என்று உறையை இழுத்தாள்.

அவர் செய்கிற மாதிரியே எல்லாம் செய்தாள். மின்விசிறியை வைத்தாள். ஒரே உதையில் கிளம்பிவிட்டது. குனிந்து பார்த்தாள். திருகாணியின் தலையில் ஒரு வெள்ளைப் பெயிண்டுக் கோடு. எஞ்சினிலும் ஒரு கோடு. இரண்டும் நேராக இருந்தால் சரி. ஆனால் அப்போது நேராக இல்லை. காலையில் அவர் பஸ் பிடிக்கும் அவசரத்தில் மூலைக்குப் போகாமலே கிளம்பிவிட்டார். திருகாணி அரைத் திருகு ஏறியிருந்தது.

அக்கா ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். அரைத் திருகு பின்னால் திருப்பினாள். கோடும் கோடும் சேர்ந்தன. எஞ்சின் சத்தம் இறங்கி, மென்மையாக, முணுமுணுப்பு மாதிரி நின்றது. எட்டு மாதம் பார்த்துப் பார்த்துக் கற்ற வேலை. அவர் இல்லாதபோது அவர் வேலையைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று ஒரு சின்னப் பெருமைகூட.

போகும்போது ஒன்றும் இல்லை. வெயில், எதிர்க்காற்று, தண்டவாளம் காலி. பறந்துவிட்டாள்.

திரும்பும்போதுதான்... ஒன்பது நாற்பது.

தண்டவாளத்தை நெருங்கும்போது சரக்கு ரயில் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அக்கா நின்றாள். பெட்டிகளை எண்ண ஆரம்பித்தாள். பத்து... இருபது... முப்பது... ரயில் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. தடக்... தடக்... தடக்... தடக். வேறு ஒரு வண்டி இல்லை. அவளுக்குப் பின்னால் ஒரு விளக்கு இல்லை.

வண்டியை அணைத்துவிடலாமா என்று யோசித்தாள். அவர் வாடிக்கையாளரிடம் சொல்வது ஞாபகம் வந்தது. ‘சூடான பழைய வண்டிய நடுவழியில அணைச்சா அது உன் பேச்சைக் கேக்காது. உதைச்சு உதைச்சுக் கால்தான் வீங்கும்.’ அணைக்கவில்லை.

ஐம்பது... அறுபது...

காற்று என்பது மருந்துக்கும் இல்லை. எஞ்சின் சூடு மெல்ல ஏறியது. முதலில் பாதத்தில். பிறகு கணுக்காலில். பிறகு இரண்டு கெண்டைக்காலிலும் அடுப்புப் பக்கம் நிற்கிற மாதிரி. சூடான ஆயில் வாசனை. அதற்கு நடுவே...

கசப்பாக ஒரு வாசனை.

மஞ்சள் களிம்பு.

அக்கா தன் விரலை முகர்ந்து பார்த்தாள். அந்தக் காயம் ஆறி மூன்று மாதம் ஆகிறது. விரலில் ஒன்றும் இல்லை. வாசனை முதுகுப் பக்கமிருந்து வந்தது.

அப்போது பின்சக்கரத்து ஸ்பிரிங், க்ரீச்... என்று ஓர் அங்குலம் இறங்கியது.

யாராவது பின்னால் ஏறி உட்கார்ந்தால் இறங்குமே. அப்படி.

அக்கா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்றுதான் சொன்னாள். எதிரே சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி போனது, அதன் சிவப்பு விளக்கு ஆடிக்கொண்டே தள்ளிப் போனது. எப்படியாவது இந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று கியரைப் போட்டாள்.

அங்கே இரண்டு ரயில்பாதை. முதல் பாதையைத் தாண்டினாள். கல்லும் பள்ளமும். வண்டி குலுங்கியது. இரண்டாவது பாதை மேல் முன்சக்கரம் ஏறும்போது கிளட்சைப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து கையைத் தளர்த்தினாள். எல்லோரும் செய்வதுதான். கையை விட்டாலும் எஞ்சின் அதன் துடிப்பில் நிற்க வேண்டும்.

துடிப்பு இறங்கியது. இன்னும் இறங்கியது. இரண்டு முறை இருமியது.

நின்றுவிட்டது.

அப்படி ஒரு நிசப்தம். பிறகு... கீழே, தண்டவாளம், ம்ம்ம்... என்று மெதுவாகப் பாட ஆரம்பித்தது.

சரக்கு ரயில் மறைத்திருந்த பக்கத்திலிருந்து ஒரு வெளிச்சம். இரண்டாவது பாதையில். அக்கா நின்ற பாதையில்.

உதைத்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி உதைத்தாள். எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி. ஹாரன் கேட்டது. நீளமாக. வண்டியைப் போட்டுவிட்டு ஓடலாம் என்று ஒரு காலைத் தூக்கப் பார்த்தாள்.

தூக்க முடியவில்லை.

இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள்.

கொலை செய்கிறவர்கள் பிடிக்கிற பிடி இல்லையாம் அது. அக்கா இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாள். பின்னால் உட்கார்ந்து வருகிறவள் பயந்துபோனால் ஓட்டுகிறவரைப் பிடிப்பாளே... முகத்தை முதுகில் புதைத்துக்கொண்டு... அந்தப் பிடி. முதுகில் மூச்சு சுட்டது. களிம்பு வாசனை மூக்கை அடைத்தது.

“விடு... விடும்மா...” என்று அக்கா கத்தினாள். ரயில் வெளிச்சத்தில் தண்டவாளத்துக் கற்களெல்லாம் வெள்ளையாக, ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

ஒரு கை இடுப்பை விட்டது. அவள் வலது கையின் மேல் வந்து உட்கார்ந்தது. ஆக்ஸிலேட்டரின் மேல். ஜுரத்தில் கிடப்பவர் கை மாதிரிக் கொதிக்கும் கை. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் விரல்களுக்கு நடுவே விரல்கள் நுழைவது தெரிந்தது.

கிக்கர் தானாக இறங்கியது. யாரோ உதைத்த மாதிரி.

எஞ்சின் வீறிட்டது. ஆக்ஸிலேட்டர் திருகியது, அவள் திருகவில்லை. வண்டி ஒரு துள்ளலில் இரண்டாவது பாதையைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் இறங்கியது. முதுகுக்குப் பின்னால் ரயில் போன காற்றில் அவள் துப்பட்டா கழுத்திலிருந்து பறந்து போய்விட்டது. அது கடைசிவரை கிடைக்கவே இல்லை.

அக்கா வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தத் தைரியம் இல்லை. தெருவிளக்கு வந்ததும் ஒரே ஒரு முறை, ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை முழுசாக எடுத்துப் பார்த்தாள். துடிப்பு இறங்கவில்லை. கையை எடுத்தாலும் எஞ்சின் உயரமாகவே துடித்தது. குனிந்து பார்த்தாள். வெள்ளைக் கோடுகள் சேர்ந்திருக்கவில்லை. திருகாணி அரைத் திருகு ஏறியிருந்தது.

பக்கவாட்டுக் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டாள். வீடுவரை அதைப் பார்க்கவில்லை. ஸ்பிரிங் இறங்கியே இருந்தது.

இதை இப்போது காதுக்காரர் பக்கமிருந்து கேளுங்கள்.

உதிரிபாகக் கடை மூடியிருந்ததால் அவர் அன்று இரவே திரும்பிவிட்டார். ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தால் மனைவி இல்லை. மூலையைப் பார்த்தார். உறை தரையில் கிடந்தது. தெருவில் வந்து நின்றார். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றார்.

அப்போது தெருமுனையில் சத்தம் கேட்டது. அந்த வண்டியின் சத்தம்தான். ஆனால் ஐடில் ஏறிய சத்தம். எட்டு வருஷமாக அவர் நீடிக்க விடாத சத்தம். தெருமுனையில் ஒரு வேகத்தடை உண்டு. வண்டி அதன் மேல் ஏறி இறங்கியது. பின் ஸ்பிரிங் கத்தியது. அவர் காதுக்கு அது போதும்.

வண்டி கடை வாசலில் வந்து நின்றது. அக்கா மட்டும்தான் இருந்தாள். பின்சீட் காலி.

அவர் கேட்ட முதல் கேள்வி, “ஏன் எடுத்தே?” என்பது இல்லை.

“பின்னாடி யாரு?”

அக்கா அவரையே பார்த்தாள்.

“நீங்கதான் சொல்லணும்.”

வண்டியைக் கடைக்குள் ஓட்டி நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் அணையவில்லை. சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். அணையவில்லை. இறங்கி நின்றாள். அவள் இறங்கியதும் ஸ்பிரிங் கொஞ்சம்தான் ஏறியது. முழுசாக ஏறவில்லை.

அவர் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. ஸ்குரூ டிரைவர் திருகாணியை நெருங்கியது. அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம். மத்தியானம் நானும் அதத்தான் பண்ணேன். கோட்டுக்கு நேரா வச்சேன். தண்டவாளத்து நடுவுல நின்னுடுச்சுங்க. ரயில் வந்துச்சு.”

ஸ்குரூ டிரைவர் தரையில் விழுந்தது. அவர் அப்படியே டயர் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். பேச்சு வந்தது, துண்டு துண்டாக.

“அவளுக்குக் கால் சுட்டுடுச்சு... சைலன்சர்ல. கெண்டைக்கால்ல இத்தனை பெரிய கொப்புளம். நான்தான் களிம்பு போட்டு விட்டேன். சூடு குறையட்டும்னு ஐடில இறக்கி வச்சேன். அவ சொன்னா, ‘கொஞ்சம் ஏத்தி வைங்களேன், தண்டவாளத்துக்கிட்ட நின்னுடுது, பயமா இருக்கு’ன்னு. ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை. நான் சிரிச்சேன். ‘நின்னா உதை, கிளம்பும்’னேன். கடையில எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா... அணையவே இல்ல. அருமையா நின்னுச்சு.”

மின்விசிறியைப் பார்த்தார்.

“நான் ஃபேன் வச்சு டியூன் பண்ணேன். அங்க ஃபேன் இல்ல.”

எஞ்சின் துடித்துக்கொண்டே இருந்தது. மூடிய கடைக்குள் சூடு ஏறியது.

“ரயில் லைன் பார்க்கிற ஆள் வந்து ஒரு செருப்பைக் கொடுத்தான். இன்னொண்ணு கிடைக்கலே. வண்டி தூரமாப் போய் விழுந்திருந்துச்சு, ஆனா ஒரு கீறல்கூட இல்ல. கொண்டுவந்து நிறுத்தின மறுநாள் காலையில பார்க்கறேன்... அரைத் திருகு ஏறியிருக்கு.”

“அவங்க அன்னைக்குக் கேட்டதத்தானே தினமும் கேக்கறாங்க?” என்றாள் அக்கா. “அப்படியே விட்டிருக்கலாமே. ஏன் தினமும் இறக்கினீங்க?”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கேட்டது கிடைச்சுட்டா... அப்புறம் வரமாட்டாளே.”

அக்காவுக்கு அழுகை வரவில்லையாம். எட்டு மாதமாகக் கேட்காத கேள்வி தொண்டைவரை வந்தது. ‘அப்போ நான்?’ அதை இப்போதும் கேட்கவில்லை. இடுப்பில் அந்தப் பிடி இன்னும் வலித்தது. பயந்தவளின் பிடி. எட்டு வருஷமாக அந்தத் தண்டவாளத்திலிருந்து இறங்காதவளின் பிடி.

அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“பின்னாடி உக்காந்து வருவாங்களா உங்ககூட?”

“தினமும். சினிமாவுக்குப் போனாலும் சரி, மாமியார் வீட்டுக்குப் போனாலும் சரி, திரும்பும்போது தூங்கிடுவா. என் முதுகுல சாஞ்சு. இங்க வந்து நிறுத்தி நான்தான் எழுப்புவேன். நான் சொன்னாத்தான் இறங்குவா.” வாசல் பக்கம் பார்த்தார். “அன்னைக்கு அவ தனியாப் போனா. சொல்ல ஆள் இல்ல.”

“இப்ப இருக்கீங்களே,” என்றாள் அக்கா. “பாவங்க. எவ்வளவு நாளா உக்காந்திருக்காங்க.”

அவர் எழுந்தார், அக்காவும் எழுந்தாள். அவர் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். காலிச் சீட்டைப் பார்த்தார். எட்டு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை வெளியே எடுக்க அவருக்கு மூன்று முறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தது. தூங்குகிறவளை எழுப்புகிற குரலில்தான் சொன்னாராம், மெதுவாக...

“வீடு வந்தாச்சு... இறங்கும்மா.”

எஞ்சின் துடிப்பு இறங்கியது. இன்னும் இறங்கியது. இருமாமல், தடுமாறாமல், தானாக ஓய்ந்தது.

டிக்... டிக்... டிக்...

பின் ஸ்பிரிங், க்ரீச்... என்று முழுசாக மேலே ஏறியது.

இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால், வீட்டுக்கு ஏறும் படியில், யாரோ செருப்பைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

ஒரு செருப்பு.